ஒரு காது பாக்கி

வெள்ளூரணி பஸ் ஸ்டாண்டில், காசிப்பாண்டி அண்ணாச்சியின் புத்தகக் கடை வாசலில், கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த கழுகு மாதநாவல் ஒன்றுக்குள்ளிருந்து ரூபன் என்கிறவன் நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்ட வாக்கிலேயே பொத்தென்று கீழே விழுந்தபோது, சாத்தூர் பஸ்ஸுக்காக அங்கே நின்றுகொண்டிருந்த அத்தனை சனமும் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு, பஸ் வருகிறதா என்று மறுபடியும் ரோட்டைப் பார்த்தது. அந்த ஊர் சனத்துக்கு ஆச்சரியப்படத் தெரியாது. அதற்குக் கொஞ்சமாவது அடுத்தவன் மேல் அக்கறை இருக்க வேண்டும்.

அண்ணாச்சி மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து, "நாற்காலி நம்ம கடையுது இல்ல, இப்பவே சொல்லிப்புட்டேன்," என்றார். பக்கத்து டீக்கடைக்காரர் வந்து, போன திருவிழாவில் காணாமல் போன தன் கடை நாற்காலிதான் இது, காலைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். அது எப்படி, கைப்பிடி வைத்த நாற்காலி உன் கடையில் ஏது என்று இன்னொருத்தர் கேட்டார். இப்படி மூன்று பேர் சேர்ந்து நாற்காலியின் பூர்வீகத்தை ஆராய்ந்துகொண்டிருக்க, வாயில் பிளாஸ்டர் ஒட்டிய ரூபன் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ரூபனைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. மேஜர் யுகேந்தரைத் தெரிந்த எல்லோருக்கும் ரூபனைத் தெரியும். மாதம் பிறந்தால் கழுகு நாவல் வரும். நாவல் வந்தால் ரூபன் வெளிநாடு போவான். பாங்காக்கில் வைரம் கடத்துகிறவனோடு சீட்டாடித் தோற்பான், இஸ்தான்புல்லில் எவளோ ஒரு நீலக்கண்ணியை நம்பிப் போய்த் தலையில் அடி வாங்குவான், பாரிஸில் குடித்துவிட்டுத் தப்பான பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான், எங்கே போனாலும் என்ன செய்தாலும் கடைசியில் ஒரு நாற்காலியில் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பான். மேஜர் யுகேந்தர் விமானம் பிடித்து வருவார், கதவை உதைப்பார், பத்துப் பேரைச் சாய்ப்பார், நண்பனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளியே பாய்வார். கடைசிப் பக்கத்தில் சென்னையில் மேஜர் வீட்டுத் தோட்டத்தில் எல்லோரும் காபி குடிப்பார்கள். மேஜர் ஒரு வார்த்தை சொல்வார். 'ரூபன் அசடு வழிந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.' இதுதான் எல்லா நாவலுக்கும் கடைசி வரி. எழுதுகிறவருக்கு வேறு வரி வரவில்லையா, இல்லை மாற்றுவானேன் என்று விட்டுவிட்டாரா தெரியாது. மாதாமாதம் அசடு வழிந்து வழிந்து ரூபனுக்கு உள்ளே ஏதோ அறுந்துபோயிருந்தது. அவன் எப்படி வெளியே விழுந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. நாற்காலியை ஆட்டினேன், விழுந்தேன் என்பான்.

கட்டை அவிழ்த்தது பேச்சியம்மாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நீலக் கதவு போட்ட ஓட்டு வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப்பிறந்தது யாருமில்லை, ஊரில் எவனுக்கும் பயப்படுகிற வழக்கமும் இல்லை. லைனிங் துணி வாங்கச் சாத்தூர் கிளம்பியவள், பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினாள், வாய்ப் பிளாஸ்டரை ஒரே இழுப்பில் உரித்தாள். பாதி மீசை அதோடு போய்விட்டது.

"மிச்சத்தையும் மழிச்சிருங்க, பாக்கச் சகிக்கல," என்றாள். அவர்களுடைய முதல் பேச்சு அதுதான். ரூபன் எழுந்து நாற்காலியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். மூன்று பேரும் நாற்காலி போகிற திசையை வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்கப்புறம் ஊர் அவனைச் சேர்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் நாக்குக் கசக்கும். ரேஷன் கார்டு கொடுத்தார்கள். வாடகை சைக்கிள் கொடுத்தார்கள். அவனிடம் பேச்சுக் கொடுத்தார்கள். ஆனால் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: மேஜர் காலையில் என்ன சாப்பிடுவார், மேஜருடைய கறுப்புக் கண்ணாடி எந்தக் கடையில் வாங்கியது, மேஜர் அந்த ஏர்ஹோஸ்டஸைக் கடைசியில் கட்டிக்கொள்வாரா மாட்டாரா. பொங்கலுக்கு வாலிபர் சங்கத்தார் வந்து, மேடையில் கொஞ்ச நேரம் நாற்காலியில் கட்டிப்போட்டாற்போல உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் சந்தோஷப்படும் என்றார்கள். மாட்டேன் என்றதற்கு, வந்தேறிக்கு வந்த திமிரைப் பார் என்று டீக்கடையில் வெகுநாள் பேசினார்கள். ரூபன் காதில் வாங்கவில்லை. பேச்சியிடம் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டான், ஹூக் வைக்கக் கற்றுக்கொண்டான், அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டான், சட்டென்று ஒருநாள் மாரியம்மன் கோயிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்டினான். மாரிக்கனி பிறந்தாள். இன்பமாக இருந்தான் என்று சொல்லலாம். தன்னை யாரும் காப்பாற்றாத நாட்கள் ஒவ்வொன்றையும் அவன் சர்க்கரைக் கட்டி மாதிரி வாயில் அடக்கிக் கரையவிட்டான்.

ஆனால் அங்கே, நாவலில், ஆள் இல்லை. எழுத்தாளர் கொஞ்ச காலம் மேஜருக்கு வேறு நண்பனைக் கொடுத்துப் பார்த்தார், ஒரு நாயைக் கொடுத்துப் பார்த்தார். வாசகர்கள் ஒப்பவில்லை. காப்பாற்றப்படுவதற்கென்றே பிறந்த அந்த மூஞ்சி வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. கழுகு நாவல் கிளிப்பில் தொங்கித் தொங்கி வெயிலில் வெளுத்தது.

மாதநாவல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் அட்டை, அப்புறம்தான் கதை. ஓவியர் ஒரு படம் போட்டுக் கொடுத்துவிடுவார், அச்சாகிவிடும், அந்த மாத நாவலின் பின்னட்டையில் 'அடுத்த மாதம்' என்று அதை விளம்பரமும் செய்துவிடுவார்கள். கதை எழுதுகிறவர் அப்புறம் உட்கார்ந்து, எப்பாடுபட்டாவது அந்தப் படத்தில் உள்ளது கதைக்குள் நடக்கும்படி செய்ய வேண்டும். அப்படி ஒரு பின்னட்டை வெள்ளூரணிக்கு வந்து சேர்ந்தது. தீப்பிடித்து எரிகிற ஓட்டு வீடு, நீலக் கதவு, கதவை உடைத்துக்கொண்டு மேஜர் யுகேந்தர் வெளியே பாய்கிறார், அவர் தோளில் மயங்கிக் கிடக்கிறான் ரூபன். மேலே சிவப்பு எழுத்தில், 'அயல்நாட்டில் ஒரு நண்பன்.'

புத்தகத்துக்குள்ளே இருக்கிறவர்களுக்கு நம் ஊரெல்லாம் அயல்நாடுதானே.

அண்ணாச்சி பின்னட்டையைக் கிழித்துக் கடை முகப்பில் ஒட்டிவைத்தார். ஊரே வந்து பார்த்தது. பேச்சியின் வீடுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. படத்தில் வாசல்படி ஓரமாக ஒரு வேப்பங்கன்றுகூட இருந்தது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், "அப்ப அந்தப் பிள்ளையும் அதோட ஆத்தாளும் எங்க நிக்காக, படத்துல காணோமே," என்று கேட்டார். "அட்டையில அம்புட்டுப் பேருக்கு இடம் எங்கிட்டு இருக்கு," என்றார் அண்ணாச்சி. கேட்டவருக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் போய் டீ குடித்தார்.

ரூபன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தான். மாரிக்கனிக்குக் காது குத்துவதென்று முடிவாகியிருந்த மாதம் அது. வீட்டுக்கு வந்து பேச்சியிடம் சொன்னான். தோட்டத்தில் எல்லோரும் காபி குடிப்பதும், மேஜர் ஒரு வார்த்தை சொல்வதும், தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைவிட, அந்தப் படத்தில் இல்லாத இரண்டு பேர் வந்தார்கள்.

"வரட்டும்," என்றாள் பேச்சி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "வாரவன் மனுசன்தான? செருப்பக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்லுவோம்."

மேஜர் யுகேந்தர் வந்தார். சாத்தூர் பஸ்ஸின் கூரையிலிருந்து, பஸ் நிற்பதற்கு முன்னாலேயே, குட்டிக்கரணம் போட்டுக் குதித்தார். கறுப்புக் கண்ணாடி, தோல் ஜாக்கெட், அந்த வெயிலில். டிக்கெட் எடுக்கவில்லை, கண்டக்டர் கேட்கவுமில்லை. மாறாக, தன் பஸ் கூரையில் உட்கார்ந்து வந்ததற்குக் கண்டக்டர்தான் மேஜருக்கு நன்றி சொன்னார். ரூபன் விழுந்தபோது ரோட்டைப் பார்த்த அதே சனம் இப்போது மாலையோடு நின்றது. ஆனால் மேஜருக்கு மாலை வாங்கிப் பழக்கமில்லை. மாலையோடு கையை நீட்டியவன் தன்னைப் பிடிக்க வருகிறான் என்று நினைத்து ஒரு குத்து விட்டார். அவ்வளவுதான், ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மேஜர் கையால் அடி வாங்க ஆள் மேல் ஆள் வந்து நின்றது. நெசவுப் பட்டறை முதலாளி ஒரு அறை வாங்கினார், வாலிபர் சங்கத் தலைவருக்கு இரண்டு பல் போனது, டீக்கடைக்காரர் கையில் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வந்து தானும் வில்லன் ஆள்தான் என்று சத்தியம் பண்ணினார். அடி வாங்கியவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு கல்யாண வீடுகளில் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். அடி கிடைக்காதவர்களைப் பெண்டாட்டிகளே மதிக்கவில்லை.

இப்படி அடித்துக்கொண்டே வந்த மேஜர், நீலக் கதவு முன்னால் வந்து நின்றார். கதவு திறந்துதான் கிடந்தது. மேஜர் அதை இழுத்துச் சாத்தினார், பின்னால் நகர்ந்தார், ஓடி வந்து உதைத்து உடைத்தார்.

"ரூபன், கவலைப்படாதே. நான் வந்துவிட்டேன்!"

ரூபன் திண்டுக்கல் பக்கத்து ஆர்டர் ஒன்றுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பழைய பயம் முதுகில் ஏறிற்று, கூடவே ஒரு வெறுப்பும் ஏறிற்று. எத்தனை நாடு, எத்தனை கதவு, இந்த ஆளுக்கு இன்றுவரை தாழ்ப்பாள் என்று ஒன்று இருப்பது தெரியாது என்று நினைத்தான்.

"கதவ யாரு மாட்டித் தருவா?" என்றாள் பேச்சி.

மேஜர் அவளைப் பார்த்தார். இந்த மாதிரிக் கட்டத்தில் பெண்கள் அலறுவார்கள், அல்லது துப்பாக்கி எடுப்பார்கள், அல்லது அவருடைய மார்பில் சாய்வார்கள். இது புதிதாக இருந்தது. "மேடம், இந்த மனிதனை நீங்கள் சிறை வைத்திருக்கிறீர்கள்," என்றார்.

"ஆமா, கஞ்சி ஊத்திச் சிறை வச்சிருக்கேன். அந்தக் கீல மொதல்ல மாட்டுங்க. சுத்தியல் அந்தச் செவுத்துப் பொறையில இருக்கு. அதுக்கு முன்னாடி செருப்பக் கழட்டுங்க, பிள்ள தவழுற இடம்."

மேஜர் பூட்ஸைக் கழற்றினார். அவருக்குக் கழற்றவே தெரியவில்லை. அவருடைய கதையில் பூட்ஸ் போடுகிற காட்சியும் கிடையாது, கழற்றுகிற காட்சியும் கிடையாது. ரூபன்தான் கயிற்றை அவிழ்த்துவிட்டான். உள்ளே மேஜரின் கால்கள் வெளுத்து, பிள்ளையின் கால்கள் மாதிரி மெத்தென்றிருந்தன. கீலை மாட்டுவதற்குள் அவர் கட்டைவிரலில் இரண்டு முறை அடித்துக்கொண்டார். மாரிக்கனி தவழ்ந்து வந்து அவருடைய ஒரு பூட்ஸை நக்கிப் பார்த்தது.

பேச்சி அதைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு விசாரம் நெடுநாளாக உண்டு. காது குத்துக்குப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அவளுக்கோ கூடப்பிறந்தவன் இல்லை. ஊரில் அண்ணன் முறைக்காரர்களைக் கேட்டுப் பார்த்தாள். மாமன் என்றால் மடி மட்டுமா, தோடு போட வேண்டும், சீர் செய்ய வேண்டும், காலத்துக்கும் நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க வேண்டும். ஒருத்தனுக்கு முதுகுவலி, ஒருத்தனுக்கு அன்றைக்கென்று கோர்ட்டில் வாய்தா, ஒருத்தன் அவள் வருவதைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் போய் ஒளிந்தான்.

"அண்ணே," என்றாள் பேச்சி. "எம் பிள்ளைக்கு ஒரு இக்கட்டு. நீங்கதான் வந்து காப்பாத்தணும்."

ரூபனுக்குப் புரிந்துவிட்டது. மேஜருடைய பலவீனம் அது ஒன்றுதான். எல்லா நாவலிலும் முதல் அத்தியாயத்தில் யாராவது வந்து இதைத்தான் சொல்வார்கள். சொன்னபின் அவரால் மறுக்க முடியாது. மேஜர் விறைத்து நிமிர்ந்தார்.

"எதிரிகள் எத்தனை பேர்?"

"ஆசாரி ஒருத்தருதான். ஆனா கையில ஊசி வச்சிருப்பாரு. நீங்க பிள்ளைய மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிடணும். ரெண்டு காதும் குத்தி முடியிற மட்டும், என்ன ஆனாலும் சரி, மாமன் மடிய விட்டுப் பிள்ள இறங்கவே கூடாது. வாக்குக் குடுங்க."

"இது மேஜர் யுகேந்தரின் வாக்கு," என்றார் அவர். மாரிக்கனி அவருடைய கண்ணாடியை உருவி எறிந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் பார்க்கப் பாவமாக இருந்தார். ரூபன் அவரைப் பாவமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை; அதுவரை வெறுப்பு மட்டுமே இருந்த இடத்தில் என்னவோ நெளிந்தது. அதை அவன் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

காது குத்துக்கு ஊரே வந்தது. வந்த லட்சணத்தைக் கேளுங்கள். அடுத்த வீட்டுக்காரி விடிந்ததும் தன் கொடியில் காய்ந்த துணியை எல்லாம் சுருட்டி உள்ளே எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் டிவியைப் பெட்டியில் வைத்து மைத்துனன் வீட்டுக்கு அனுப்பினார். அந்தப்பக்கத்து வீட்டில் மாட்டை அவிழ்த்துக் கண்மாய்க் கரையில் கட்டினார்கள். எல்லோரும் பட்டுச் சேலையும் சலவை வேட்டியுமாக வந்து, "என்ன மதினி, சௌக்கியமா," என்று வாய் நிறையக் கேட்டு, இட்லியும் கேசரியும் மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டு, வாசலை நன்றாகப் பார்க்கத் தோதான இடமாகப் பிடித்து உட்கார்ந்தார்கள். தையல் மெஷினைக் கொஞ்சம் வெளியே எடுத்து வையம்மா என்று பேச்சியிடம் சொல்ல ஒரு நாதியில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்ற கவலை.

வாசலை அடைத்துத் தென்னோலைப் பந்தல். வீட்டுக்குள் நடுக்கூடத்தில், ரூபன் கட்டுண்டு விழுந்த அதே நாற்காலி. அதில் மேஜர் யுகேந்தர், பேச்சி எடுத்துக்கொடுத்த வேட்டியில். அவர் மடியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய மாரிக்கனி. ஆசாரி வந்து உட்கார்ந்தார். ஊசியைக் கண்டதும் மேஜருடைய கை தன்னால் இடுப்புக்குப் போனது. "அண்ணே, துப்பாக்கியப் பிடுங்கி நான் அப்பவே அரிசிப் பானையில போட்டுட்டேன்," என்றாள் பேச்சி. ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை வீரிட்டது. பத்துப் பேரைச் சாய்த்த மேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னொன்றும் குத்தித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து, வெளியே, மேஜர் வருகைக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி, காசிப்பாண்டி அண்ணாச்சி பத்தாயிரம் வாலா சரவெடியை ஓலைப் பந்தல் காலடியில் நீட்டி வைத்துக் கொளுத்தினார். கொளுத்துவதற்கு முன்னால் அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பின்னட்டையை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார் என்று பேச்சி சொல்கிறாள். அவர் இல்லை என்கிறார். வெடிக்காரப் பூமியில் பிறந்து வளர்ந்தவருக்குச் சரவெடியை எங்கே வைக்கக் கூடாது என்று தெரியாதாம், அதை நாம் நம்ப வேண்டுமாம்.

ஓலை பிடித்து, கூரைக் கைமரம் பிடித்து, கட்டை பிடித்து, நீலக் கதவுக்கு வந்தது தீ. வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கைகளில் குடம் இருந்தது, குடத்தில் தண்ணீர் இருந்தது, ஆனால் கைகள் அசையவில்லை. இப்போது வருவார், இப்போது பாய்வார் என்று அத்தனை கண்ணும் கதவின் மேல் இருந்தன. ஆசாரி ஊசியைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே குதித்து ஓடினார். புகைக்குள் ரூபன் இருமிக்கொண்டு மேஜரைப் பார்த்தான். மேஜர் ரூபனைப் பார்த்தார். அவருடைய தோள், அந்தப் பழகிய தோள், தன்னால் ரூபன் பக்கம் சாய்ந்தது. ரூபனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாய்வதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையிலும் மாரிக்கனி இருந்தாள். ஒரு காதுதான் குத்தியிருந்தது. இன்னொரு காது பாக்கி இருந்தது.

மேஜர் தன் கைகளைக் குனிந்து பார்த்தார். வாழ்நாளில் முதல்தடவையாக அடுத்து என்ன செய்வதென்று அவருக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. "ரூபன்," என்றார், "நீ நடப்பாயா?"

"நடப்பேன்," என்றான் ரூபன். "நீங்க பிள்ளையப் பாத்துக் கொண்டு போங்க."

கதவு உடைந்தது. மேஜர் யுகேந்தர் வெளியே பாய்ந்தார். அவர் நெஞ்சில் ஒரு மொட்டைத் தலை. அவர் பின்னால், தையல் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இருமியபடியே, ரூபனும் பேச்சியும் நடந்து வந்தார்கள்.

ஊர் கைதட்டத் தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டது. "அட்டையில ஆம்பளையாளத்தான போட்டிருந்தாக," என்றார் ஒருத்தர். "பிள்ளையத் தூக்கிட்டு வரதுக்கு மேஜர் எதுக்கு, யாருன்னாலும் வரலாமே," என்றார் இன்னொருத்தர், யாரும் வரவில்லை என்பது நினைவில்லாமல். பல் போன சங்கத் தலைவர் ஏமாற்றத்தில் அழுதேவிட்டார். சாப்பிட்ட கையைக் கழுவி, ஒவ்வொருத்தராகக் கலைந்து போனார்கள். வீடு பாதி எரிந்து தானே அணைந்தது.

மேஜர் தெருவில், பாதி கருகிய வேட்டியில், பிள்ளையை இறக்கத் தெரியாமல் நின்றார். பேச்சி வந்து வாங்கிக்கொண்டாள். "ஒரு காது பாக்கி இருக்கு அண்ணே. வேற மடியில உக்கார வைக்க மாட்டேன். வந்து முடிச்சுக் குடுக்கணும்."

"வருவேன்," என்றார் மேஜர். பிறகு ரூபனிடம் திரும்பி, மிகுந்த குழப்பத்தோடு, "உன்னை யார் விடுவித்தார்கள்?" என்று கேட்டார்.

ரூபன் யோசித்தான். "யாரும் என்னக் கட்டலயே," என்றான்.

மேஜர் தலையாட்டினார். புத்தகக் கடைக்குப் போய், கயிற்றைப் பிடித்து ஏறி, வெளுத்துப்போன ஒரு பழைய நாவலுக்குள் காலை விட்டு உள்ளே போனார். பூட்ஸை விட்டுவிட்டுப் போனார். ஒரு பூட்ஸில் பேச்சி அப்புறம் துளசி நட்டாள்.

அந்த மாத நாவல் வந்தது. எழுத்தாளருக்கு நடந்தது எதுவும் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்படுகிறவர் இல்லை. அட்டையில் உள்ளபடி மேஜர் யுகேந்தர், ஓட்டு வீட்டு நாசகாரக் கும்பலை ஒழித்துக்கட்டி, ரூபனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தோட்டத்தில் காபி. மேஜர் ஒரு வார்த்தை சொன்னார். 'ரூபன் அசடு வழிந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.'

ஊர் அதைப் படித்து நிம்மதி அடைந்தது. கண்ணால் பார்த்ததில் ஏதோ கோளாறு இருந்ததாக அவர்களுக்கு அப்போதே ஒரு எண்ணம். அதற்கப்புறம் ரூபன் டீக்கடைக்குப் போனால் யாரும் மேஜரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருநாள் அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்றார். ரூபன் டீக்குக் காசு வைத்துவிட்டுக் கிளம்பினான். வீட்டுக்கு வருகிற வழியில் குழாயடியில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "ரூபனத்தான் மேஜர் கொண்டு போயிட்டாருல்ல. அந்த மனுசன் போன ஈரம் காயல, அதே சாடையில இன்னொருத்தனப் பிடிச்சு வீட்டுல வச்சிருக்கா பாரு பேச்சி."

ரூபன் வந்து சொன்னான். பேச்சி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ரூபனுக்கும் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் மற்றவர்கள் சிரிக்கும்போது அவனும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். இனிமேல் அவனைக் காப்பாற்ற எவனும் வர மாட்டான். அந்த ஊரின் முட்டாள்தனத்தால் அவனுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

அடுத்த ஆடி கழிந்து, ஆவணியில், சாத்தூர் பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் இறங்கினார். பஸ் நின்ற பிறகு, படி வழியாக, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. கதர்ச் சட்டை, வேட்டி, வெறும் கண், காலில் ரப்பர் செருப்பு. கையில் தாம்பாளம், அதில் பட்டுப் பாவாடை, வளையல், வாழைப்பழம், தேங்காய், சிவப்புத் தாளில் மடித்த ஒரு ஜோடித் தங்கத் தோடு. பஸ் ஸ்டாண்டே அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ரோட்டைப் பார்த்தது. அண்ணாச்சியின் கடையில் மாட்டியிருந்த கழுகு நாவலில் மேஜர் யுகேந்தர் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழேயே நின்று அவர், "பேச்சி வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று வழி கேட்டார். அண்ணாச்சி நிமிராமல் கையைக் காட்டினார்.

நீலக் கதவு புதிதாகப் போட்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டினார்.

மறுபடியும் ஊர் வந்தது, மறுபடியும் சாப்பிட்டது. சோறு என்றால் வெள்ளூரணிக்குப் பகை கிடையாது. பந்தியில் உட்கார்ந்த அண்ணாச்சி, பரிமாறிக்கொண்டிருந்த ரூபனைக் கூப்பிட்டார்.

"மடி குடுக்காரே, அது யாரு தம்பி? எங்ஙனயோ பாத்த மூஞ்சியா இருக்கு."

"எங்க மச்சான் அண்ணாச்சி. வெளிநாட்டுல இருக்காரு."

"அப்படியா? அங்கிட்டு எங்கயாச்சும் நம்ம மேஜரப் பாத்திருக்காரான்னு கேட்டுச் சொல்லு. அவரு ஒருக்கா நம்ம ஊருக்கு வந்திருந்தாரு. மனுசன்னா அவரு மனுசன்." அண்ணாச்சி பாயசத்தை உறிஞ்சினார். "கொஞ்சம் ரசம் விடு."

ரூபன் ரசம் விட்டான். உள்ளே நாற்காலியில் மேஜர் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆசாரி இடது காதைக் குத்தினார். மாரிக்கனி வீடு அதிரக் கத்தினாள்; கத்தின வேகத்தில், மாமன் கட்டி வந்த புது வேட்டியில் ஒரு பாட்டம் மூத்திரம் போனாள். மேஜர் யுகேந்தர் நாலு பக்கமும் பார்த்து அசடு வழிந்தார்.

ரூபன் சிரிக்கவில்லை. ரசவாளியைக் கீழே வைத்துவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான்.